ஸ்பிரிங் போன ஷட்டர்

காலையில் எங்கள் வீட்டின் கீழ் ஷெட்டில் ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்கும்போது நான் பெரும்பாலும் மாடியில் சாமி மாடத்தின் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். திரியைத் தூண்டுகிற கை ஒரு கணம் அப்படியே நின்றுவிடும். கீழே இஸ்திரிக் கடை வைத்திருக்கிற பெண் ஒல்லியான உடம்புக்காரி. ஒரு கையில் கரிப்பையைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் அடிச்சட்டத்தை லேசாகத் தூக்கிவிடுவாள். அவ்வளவுதான், ஷட்டர் மடமடவென்று தானாகச் சுருண்டு மேலே போய்விடும். புது ஸ்பிரிங். கடைக்கு வந்த புதிதில், "உங்க ஷட்டரு பூ மாதிரி ஏறுதுக்கா" என்றாள். அதே ஷட்டர் பல வருஷம் ஏறாமல் கிடந்தது. ஏறாமல் வைத்திருந்தது நான்தான். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. மர்பி டவுனில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. ஆனாலும் என் வீட்டுக்காரரை நினைக்கிறபோதெல்லாம் அவர் முகத்துக்கு முன்னால் அந்த ஷட்டர்தான் முதலில் வந்து நிற்கிறது.

அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேன் ஓட்டினார். சொந்த வண்டி. எங்கள் தெருவிலும் அல்சூரிலும் பிள்ளைகளை ஏற்றி, தொம்மலூர்ப் பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விடுவார். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். அவருக்கு அதுவும் இல்லை. ஆனால் எந்தப் பிள்ளைக்கு அன்றைக்குப் பரீட்சை, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் அழுதுகொண்டு ஏறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "ஏய் வாத்துங்களா, எவன்டா என் வண்டியில புளியோதரை கொட்டினது?" என்று அவர் சத்தம் போடுவது மாடிவரை கேட்கும். பிள்ளைகள் பயப்படாது, சிரிக்கும். வண்டியைப் பின்னால் எடுக்கிறதற்கு முன்னால் இறங்கி ஒரு சுற்று சுற்றி வந்து, குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்ப்பார். மழை பெய்தாலும் பார்ப்பார். "அடியில பூனையும் படுத்துக்கினு இருக்கும், புள்ளையும் உக்காந்துக்கினு இருக்கும். கண்ணாடிக்கு அதெல்லாம் தெரியாது. கண்ணுதான் பாக்கணும்" என்பார். அந்தக் கண்ணைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு சின்னது. கீழே வண்டிக்கு ஷெட், மேலே நாங்கள் இருக்க இரண்டு அறை. மாடிப்படியில் எதிரெதிரே இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருவர் திரும்பிப் போகத்தான் வேண்டும். படிக்குக் கீழே ஷெட்டுக்குள் போக ஒரு சின்னக் கதவு உண்டு. தெருப் பக்கம் முழுக்க ஷட்டர். அந்த ஷட்டருக்குத் தலைமாட்டில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள்ளே சுவருக்குச் சுவர் ஒரு இரும்புப் பைப்பு. பைப்பின் இரண்டு பக்கமும் கடிகாரச் சுருள் மாதிரி பெரிய ஸ்பிரிங். ஷட்டரின் கனத்தை அந்த இரண்டு ஸ்பிரிங்தான் வாங்கிக்கொள்கிறது, நம் கை சும்மா ஒரு பேருக்குத்தான் என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஸ்பிரிங் தளர்ந்தால் அவரே ஸ்டூல் போட்டு ஏறி, பைப் ரெஞ்சால் பைப்பைப் பிடித்துக்கொண்டு, நட்டை இளக்கி, ஒரு முறுக்கு முறுக்கி மறுபடி இறுக்கிவிடுவார். ஷட்டர்காரர் செய்கிறதைப் பார்த்துப் பார்த்துப் படிந்த வேலை. "புடி மட்டும் வுடக் கூடாது. வுட்டா அது உள்ள அடக்கி வெச்சுக்கினு இருக்குற கோவமெல்லாம் ஒரே அடியா வெளிய வந்துடும்" என்று சொல்லுவார்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை தீபாவளியைவிடப் பெரிசு. முதல் நாள் சாயங்காலமே ரெஞ்சு, ஸ்பேனர், சுத்தி, திருப்புளி எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மகளின் பாடப் புத்தகங்களோடு சேர்த்து அம்மன் படத்துக்கு முன்னால் பரப்பிவிடுவார். வைத்தால் வைத்ததுதான். விஜயதசமி அன்றைக்குக் காலையில் மறுபூஜை போட்டு எடுக்கிறவரைக்கும் யாரும் தொடக் கூடாது. அது இரும்புக்கு ஓய்வு நாள் என்பார். பூஜையன்று காலையில் வண்டியை வெளியே எடுத்துக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயில்வரை ஒரு ரவுண்டு போய் வருவார். மாரியம்மன் கோயில் எங்கள் தெரு முனையில்தான் இருக்கிறது.

அந்த வருஷமும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆட்டோக்கள் எல்லாம் தெருவில் வரிசையாக நின்றுவிட்டன. அவர் தலைக்கு ஊற்றிக்கொண்டு, விபூதி பூசி, புது லுங்கியோடு இறங்கிப் போய் ஷட்டரைத் தூக்கினார். படார் என்று ஒரு சத்தம். யாரோ வெடி போட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால், இடுப்புவரை ஏறின ஷட்டர் தடாலென்று கீழே விழுந்து கிடக்கிறது, அவர் கையை உதறிக்கொண்டு நிற்கிறார். ஒரு பக்கத்து ஸ்பிரிங் உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரும் இன்னும் சிலரும் வந்து தூக்கிப் பார்த்தார்கள். ஸ்பிரிங் இருக்கிற பக்கம் ஏறுகிறது, இல்லாத பக்கம் ஏற மாட்டேன் என்கிறது. ஷட்டர் கோணிக்கொண்டு, ஓரத் தகடு ஓடுகிற காடியில் சிக்கி நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. "இன்னாண்ணே, உன் வண்டிக்கு வெட்கமா? வெளிய வர மாட்டேங்குது" என்று ஆட்டோக்காரர் கிண்டல் செய்தார். இவரும் சிரித்தார்.

நீலசந்திராவில் இருக்கிற ஷட்டர்காரருக்குப் போன் போட்டார். "அண்ணே, எங்கப்பா காலத்துலேருந்து இன்னிக்கு இரும்ப தொட்டதில்ல. சாமான் எல்லாம் பூஜையில கீது. நாளைக்குப் பிரிச்சதும் மொதல் வேலை உங்களுதுதான்" என்று அவர் சொல்லிவிட்டார். நியாயம்தானே, என்ன சொல்ல முடியும்? நான் சொன்னேன், "நாளைக்கே பாத்துக்கலாங்க. உள்ளயே வெச்சு கற்பூரம் காட்டிடுங்க. அம்மா கோச்சுக்க மாட்டா" என்று. அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஊர்ல இருக்குற லாரி, பஸ்ஸு எல்லாம் மாலை போட்டுக்கினு நிக்குது. புள்ளைங்க ஏறுற வண்டி இருட்டுல கெடக்கணுமா? பூஜை இல்லாம ஒரு வருஷம் அதுங்கள ஏத்திக்கினு போவச் சொல்றியா?" என்றார். என் மனசிலும் அதே பயம் இருந்தது.

நன்றாக இருக்கிற ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டால் ஒரே ஒரு தடவையாவது ஷட்டர் ஏறிவிடும், வண்டியை வெளியே எடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. மாடிக்கு வந்தார். சாமிக்கு முன்னால் பைப் ரெஞ்சு குங்குமப் பொட்டோடு, மேலே ஒரு செவ்வந்திப் பூவோடு இருக்கிறது. அதன் எதிரே கொஞ்ச நேரம் நின்றார். கை நீட்டவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் நேராக என்னிடம் வந்து, குனிந்து, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் கையை விட்டார். அங்கே ஒரு பழைய ரெஞ்சு கிடந்தது. பல் எல்லாம் தேய்ந்துபோய், வேலைக்கு ஆகாது என்று அவரே ஒதுக்கினது. குழாய் சொட்டினால் திருக என்று நான் எடுத்து வைத்திருந்தேன். அதைத் துடைக்கவும் இல்லை, பூஜையில் வைக்கவும் இல்லை. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "இது பூஜையில இல்லியே! அம்மாவே எனக்குன்னு வுட்டு வெச்சிருக்கா பாரு" என்றார்.

படிக்கீழ்க் கதவு வழியாக இரண்டு பேரும் ஷெட்டுக்குள் போனோம். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறி, தகர மூடியைக் கழற்றிக் கீழே என்னிடம் கொடுத்தார். ரெஞ்சைப் பைப்பில் மாட்டி அழுத்திப் பார்த்தார். நட்டை எப்படியோ இளக்கிவிட்டார். வெளியே தெருவில் யாரோ தேங்காய் உடைக்கிற சத்தமும் பிள்ளைகள் கத்துகிற சத்தமும் கேட்டது. "இன்னும் ஒரு முறுக்கு" என்றார். தேய்ந்த பல் பைப்பை விட்டது. கிர்ரென்று பைப்பு சுற்றின சத்தம், ஷட்டர் கோணல் நிமிர்ந்து தரையில் விழுந்த சத்தம், இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சத்தம். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஸ்டூலிலிருந்து விழவில்லை. மெதுவாக இறங்கி, கீழே எதையோ தவறவிட்டுத் தேடுகிறவர் மாதிரித் தரையில் உட்கார்ந்தார். ஒரு கையால் முகத்தின் இடது பக்கத்தை மூடிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கு வழியாக வந்த ரத்தம் முன்கையில் பூசிய விபூதியைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. "பூஜைக்கு நேரமாவுது" என்று அவர் சொன்னதாக எனக்கு ஞாபகம். ஆட்டோக்காரர்தான் வாழைக்கன்று கட்டின ஆட்டோவிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

இடது கண் போய்விட்டது. டாக்டரம்மா அதைக் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். எனக்கு முன்னால் அவருக்குப் புரிந்து, "ஆயித்தம்மா, ஆனது ஆச்சு, பரவால்ல" என்று டாக்டரம்மாவுக்கே ஆறுதல் சொன்னார். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வீட்டில் மறுபூஜை போட ஆளில்லை. திரும்பி வந்தபோது பூவெல்லாம் சருகாகி, ரெஞ்சும் ஸ்பேனரும் அப்படியே அம்மன் எதிரில் கிடந்தன. அப்போது வந்து பார்த்த சொந்தக்காரர்கள் சொல்லாத சொல் இல்லை. "பூஜைன்னு ஒண்ணு போட்டா அன்னிக்கு இரும்பத் தொடலாமா?" என்றார் ஒருவர். "அந்த நல்ல ரெஞ்ச எடுத்திருந்தா கண்ணு போயிருக்குமா? மனுஷன் பொழைக்கத்தானே சாமி?" என்றார் இன்னொருவர். இரண்டையும் அவர் கேட்டுக்கொண்டார். வேனில் போகிற பிள்ளைகளை ஒரு நாள் அம்மாக்கள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் ரொம்பச் சின்னது ஒன்று அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் போட்டிருந்த கட்டையே பார்த்துவிட்டு, "அங்கிள், தப்பு பண்ணா சாமி கண்ணக் குத்தும்னு எங்க மம்மி சொல்லுவாங்க. நீங்க இன்னா தப்பு பண்ணீங்க?" என்று கேட்டது. அந்த அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. இவர் சிரித்து, "சாமி குத்தலடா கண்ணு. ஸ்பிரிங்கு குத்திடுச்சு" என்றார். அவர்கள் போன பிறகு நான் அடுக்களைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சாமி மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு நாள் பொறு என்று அவர் மனசில் ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா என்று கோயிலில் நின்று கேட்டிருக்கிறேன். விளக்கு ஏற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டு யாரிடம் போய் நிற்பது?

கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு, வண்டி. பிள்ளைகளை வேறொரு ஆட்டோவில் அடைத்துக்கொண்டு போகிறார்கள், பைகள் வெளியே தொங்குகின்றன, அது ஒரு வேலையா என்று புலம்புவார். "ஒரு கண்ணு போதும்டி. ரோடு எனக்கு மனப்பாடம்" என்பார். நான், "ரோடு மனப்பாடந்தாங்க. ரோட்டுல வர்றவங்க மனப்பாடமா?" என்பேன். காப்பியை டம்ளரில் ஊற்றினால் டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுவார். ஊதுபத்தியைக் கொளுத்தப் போனால் தீக்குச்சி நுனிக்கு முன்னாலேயே நின்றுவிடும். எது கிட்டே, எது தூரம் என்கிற கணக்கு அவரை விட்டுப் போயிருந்தது. பழகிவிடும் என்றார். பழகிக்கொள்கிறவர்கள் இருக்கலாம். நான் இவரைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்?

ஒரு நாள் காலை ஆட்டோக்காரரிடம் சாவியை வாங்கி, தெருவில் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். நான் வாசலில் நின்றேன். நன்றாகத்தான் போனார். கை எல்லாம் பழைய கைதான். முனையில் குழாயடி. தண்ணீர் வருகிற நேரம். பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. அவர் திருப்பினார். குடங்கள் இன்னும் தள்ளி இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கிறார். ஆட்டோ அந்த வரிசையை வாரிக்கொண்டு போய் நின்றது. பச்சை, சிவப்பு, நீலம் என்று குடங்கள் தெரு முழுக்க உருண்டன. பெண்கள் சிரித்துவிட்டார்கள். "யோவ், குடத்துக்கெல்லாம் நீதான் புதுசா வாங்கிக் குடுக்கணும்" என்று ஒருத்தி கத்தினாள். அவரும் இறங்கி, சிரித்துக்கொண்டே குடங்களைப் பொறுக்கி அடுக்கி வைத்தார். நான் சிரிக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கின அந்தக் குடங்கள், வேனுக்காகக் காத்திருக்கிற சின்ன வகுப்புப் பிள்ளைகளின் உயரம் இருந்தன. அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

ஷட்டர்காரர் புது ஸ்பிரிங்கோடு வந்தபோது இவர் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கீழே வாசலில் இருந்தேன்.

"அண்ணன் வரச் சொன்னாரு அக்கா."

"வேணாம்ப்பா. நீ போ."

"ஸ்பிரிங்கு எத்துனு வந்துட்டேனே அக்கா. கொஞ்ச நேரத்து வேலைதான்."

"வேலையப் பத்தி இல்லப்பா. இந்த ஷட்டரு ஏறுனா அவரு வண்டிய எடுப்பாரு. வண்டிய எடுத்தா புள்ளைங்க ஏறும். போயிடு சாமி, உனக்குப் புண்ணியமாப் போவும்."

ஷட்டர்காரர் தோளில் அந்தச் சுருளோடு என்னையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். படியில் இவர் நின்றுகொண்டிருந்தார். எச்சில் கை காய்ந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "அந்தப் புள்ளைங்களுக்காகத்தானே கண்ணக் குடுத்தேன்" என்றார். "அந்தப் புள்ளைங்களுக்காகத்தான் நானும் சொல்றேன்" என்றேன். "கண்ணு போனப்போகூட நான் சாவல. இன்னிக்கு நீ கொன்னுட்ட" என்றார். கை கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

அதோடு நான் விடவில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னேன், யாரும் அந்த ஷட்டரைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது என்று. ஒரு ஸ்பிரிங் உடைந்து, இன்னொன்றும் அன்றைக்கே முறுக்கு விட்டுப்போன பிறகு அது வெறும் இரும்புச் சுவர்; ஆள் சேராமல் அசையாது. பிள்ளையைப் பெற்றவர்கள் என் பேச்சைக் கேட்டார்கள். அவர் போய்க் கூப்பிட்டால், "அப்புறம் வரேண்ணே" என்று நழுவினார்கள். வேறு ஷட்டர்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவரையும் நான் திருப்பி அனுப்பினேன். ஒரு நாள் அவரே ஸ்டூலைப் போட்டு ஏறினார். நான் படிக்கீழ்க் கதவில் நின்று பார்த்தேன். தடுக்கவில்லை. தகரப் பெட்டியில் கையை வைத்தார். மூடியைக் கழற்றாமலே இறங்கி, ஸ்டூலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மேலே போய்விட்டார். என் மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வண்டியை விற்றுவிடலாம் என்று சொன்னேன், முடியாது என்றார். ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி வேலை சொன்னார்கள். "ஊரான் வண்டிக்குக் கேட்டு தொறந்து வுடவா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் தொம்மலூரில் ஒரு ஆபீஸ் கேண்டீனில் காய் நறுக்கப் போனேன். மகள் படித்து முடித்தாள், ஒரு நல்ல இடத்தில் கல்யாணமும் ஆனது. என்னோடு பேச வேண்டியதை அவர் மகளிடம்தான் சொல்லுவார். "உங்கம்மாகிட்ட சொல்லு, மாத்திரை தீந்து போச்சு." அவள் மாமியார் வீட்டுக்குப் போன பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் என்னை அடித்ததில்லை, சோற்றைத் தள்ளினதில்லை. ஆனால் ஒரே வீட்டில் அந்த அளவுக்குத் தனியாக இருக்க முடியும் என்று நான் அதுவரை அறியவில்லை.

தினமும் காலையில், முன்பு டிரிப்புக்குக் கிளம்புகிற அதே வேளைக்கு, இறங்கிப் போய் அந்த இருட்டு ஷெட்டில் வண்டியில் உட்கார்ந்துகொள்வார். முதலில் ஒரு சுற்று சுற்றி, குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்ப்பார். சக்கரமெல்லாம் காற்றுப் போய்ச் சப்பையாகி, வண்டி தரையோடு உட்கார்ந்துவிட்டது, அப்போதும் பார்ப்பார். பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் காப்பியைக் கொண்டுபோய் டேஷ்போர்டில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள் அப்படி வைத்துவிட்டுத் திரும்பும்போது, "ஏறு" என்றார். எனக்குக் காது கேட்டது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு முன்னால் ஷட்டர். ஓரத்து இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம். வெளியே பிள்ளைகளை ஏற்றின ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் ரொம்ப நேரம் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். "டிராபிக்கே இல்ல பாரு" என்றார். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் கை மேல் கையை வைத்தேன். எடுக்கவில்லை. மன்னித்தார் என்று இதற்கு அர்த்தம் சொல்ல நான் துணிய மாட்டேன். மறுநாள் பழையபடி சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

ஒரு மார்கழிக் காலை, கோயிலில் மைக் செட்டு பாடிக்கொண்டிருந்தபோது, நெஞ்சு வலிக்கிறது என்று என்னைப் பார்த்தே சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மத்தியானம் ஆம்புலன்சில் திருப்பிக் கொண்டுவந்தோம். ஐஸ் பெட்டி வந்தது. அது மாடிப்படியில் ஏறவில்லை. நிறுத்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், முடியவில்லை. கீழே வைக்க ஷெட்டைத் தவிர இடமில்லை. ஷெட் முழுக்க வண்டி நிற்கிறது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தெருவில் வைக்கவும் முடியாது. அவரை ஆம்புலன்சிலேயே வைத்துக்கொண்டு எல்லோரும் என்ன செய்வது என்று நின்றார்கள். பிறகு யாரும் சொல்லாமலே ஆண்கள் வந்து ஷட்டருக்கு முன்னால் வரிசையாகக் குனிந்தார்கள். அடிச்சட்டத்துக்குக் கீழே விரல்களை நுழைத்துக்கொண்டார்கள். நுழைத்தவர்கள் தூக்கவில்லை. அப்படியே குனிந்த வாக்கில் நின்றார்கள். ஆட்டோக்காரர் தலையைத் திருப்பி, படியில் மகள் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"அக்கா, தூக்கலாமா?"

அவர்கள் என்னைக் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் வேண்டாம் என்று சொன்னவள் நான், அதனால் கேட்டார்கள். இந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மனுஷன் எத்தனை காலம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்! கேட்டபோது கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எந்த வீட்டு வாசலில் என்ன நடந்திருக்குமோ, எனக்குத் தெரியாது. இன்றைக்கு அதே நாள் திரும்பி வந்தாலும் நான் அதையேதான் செய்வேன். ஆனால் அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு நிம்மதியும் இல்லை.

"தூக்குங்க" என்றேன்.

துருப் பிடித்த தகடுகள் அலறிக்கொண்டு ஏறின. தலைமட்டத்துக்கு, வண்டிக் கூரை நுழைகிற அளவுக்கு வந்ததும் சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். வெளிச்சம் உள்ளே போய் வண்டியின் முகத்தில் விழுந்தது. சப்பைச் சக்கரத்தோடு அதைத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்து தெருவோரமாக விட்டார்கள். வண்டி நின்ற இடத்தில் அவரை வைத்தோம். அவர் ஓட்டின பிள்ளைகள் வந்தார்கள். மீசை வந்தவனும் தாலி கட்டினவளும் இருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முட்டுக் கொடுத்த ஷட்டருக்கு அடியில் குனிந்துதான் உள்ளே வந்தார்கள். அவர் மட்டும் அதன் வழியாக மறுபடி வெளியே போகும்போது குனியவில்லை.

காரியம் முடிந்த பிறகு மருமகன் ஷட்டர்காரரை வரச்சொல்லி இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங் போட்டார். வண்டி போனது. இஸ்திரிக்காரப் பெண் வந்தாள். காலையில் அவள் ஷட்டரைத் தூக்குகிறாள், சாயங்காலம் இழுத்து விடுகிறாள். அவளுக்கு அது கடைக் கதவு. நான் மாடியில் விளக்குக்கு முன்னால் நின்றுகொண்டு அந்தச் சத்தம் முடிகிறவரைக்கும் காத்திருக்கிறேன். இப்போது யாரும் என்னைக் கேட்பதில்லை.